ஒன்பதாவது கேள்வி

பிப்ரவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

நீ, அத்தான், வாண்டு மூவரும் சுகந்தானே? இங்கே நானும் அம்மாவும் சுகம். படி ஏறும்போது மட்டும் அம்மாவுக்கு முழங்கால் வலிக்கிறது, இறங்கும்போது வலிப்பதில்லை. “லேப்ல வேலை பாக்குறவளுக்கு இதுக்குக் காரணம் தெரியாதா?” என்று தினமும் ஒரு முறை கேட்டுவிடுகிறாள்.

டிசம்பரிலிருந்து நீ போனை எடுப்பதே இல்லை. அத்தானின் போனில் கூப்பிட்டால், “அவ குளிக்கிறா” என்கிறார். இத்தனை தடவை குளிக்கிற ஆள் நீ இல்லையே. அதனால்தான் இந்தக் கடிதம். உங்கள் மாவட்ட ஆய்வகத்துக்குத் திரும்பும் சளி, ரத்த மாதிரிப் பெட்டியின் மூடியில் படிவங்களுக்காக ஒரு பிளாஸ்டிக் உறை இருக்கிறதே, அதில் செருகி அனுப்புகிறேன். விதிப்படி தப்பு. செவ்வாய்க்கிழமை பெட்டியில் நீயும் பதில் போடு.

கூடவே ஒரு படிவம் இருக்கும். ஏப்ரலில் அங்கீகாரக் குழு எங்கள் மைய ஆய்வகத்துக்கு வருகிறது. உங்களால் செய்ய முடியாத சோதனைகளுக்காக எங்களுக்கு மாதிரி அனுப்பும் நாற்பத்தாறு பொதுச் சுகாதார ஆய்வகங்களும் எங்களிடம் திருப்தியாக இருக்கின்றனவா என்று கேட்டுத் தொகுக்கும் வேலையைப் பெரிய மேடம் என்னிடம் கொடுத்திருக்கிறார். பன்னிரண்டு கேள்விகளும் நான் எழுதியவை. அடியில் இருக்கும் கையெழுத்தும் என்னுடையதுதான்.

இன்னொரு பெருமையும் உண்டு. நவம்பரில் நான் ஒரு விதி கொண்டுவந்தேன். மாதிரியோடு வரும் படிவத்தில் ஒரே ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் சோதனை கிடையாது; மாதிரியைக் குளிர்பெட்டியில் நீலத் தட்டில் தனியாக வைத்துவிட வேண்டும். போன வருடம் பெயரில்லாத இரண்டு மாதிரிகள் இடம் மாறிப்போனது உனக்கு நினைவிருக்கும். இப்போது அப்படி ஒன்றுகூட இல்லை. கூட்டத்தில் மேடம் என்னைப் பாராட்டினார். நான் குனிந்து பேனாவைத் தேடுவதுபோல நடித்தேன்.

தங்கை அனுப்பியது என்று பார்க்காமல் உண்மையாக நிரப்பு. வாண்டுவின் இரண்டு கன்னத்துக்கும் முத்தம்.

உன் தங்கை


பிப்ரவரி 9

சுண்டெலிக்கு,

எல்லோரும் நலம். அம்மாவின் முழங்காலிடம் நான் விசாரித்ததாகச் சொல். எங்கள் ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் உன் கடிதத்தை, “மேடம், உங்களுக்கு லவ் லெட்டர்!” என்று வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தாள். கெட்டிக்காரி. இப்போதெல்லாம் ஆய்வகத்தை அவள்தான் ஓட்டுகிறாள், நான் கையெழுத்துப் போடுவதோடு சரி.

என் போன் துணி ஊறவைத்த வாளியில் விழுந்துவிட்டது. பேசுவது எனக்குக் கேட்கும், நான் பேசுவது யாருக்கும் கேட்காது. உன் அத்தான், “இப்பதான் வீடு நிம்மதியா இருக்கு” என்கிறார். கடிதமே நன்றாக இருக்கிறது. நீ விடுதியில் இருந்தபோது எழுதுவோமே, அதுபோல.

வாண்டு அத்தை வீட்டில் இருக்கிறாள். இங்கே வெள்ளையடிக்கிறோம். அந்தத் தூசியில் எனக்கே தொண்டை கமறுகிறது, குழந்தைக்கு ஆகாது.

படிவத்தை நிரப்பிவிட்டேன். பச்சை மசிதான், கோபிக்காதே. பதினொரு கேள்விக்கு ‘மிகவும் திருப்தி’. ஒன்பதாவதை விட்டுவிட்டேன். ‘நீங்கள் கடைசியாக அனுப்பிய மாதிரிக்கு முடிவு வர எத்தனை நாள் ஆனது?’ பதிவேட்டை எடுத்து எண்ணச் சோம்பலாக இருந்தது.

ஒன்று கேட்கிறேன், சும்மாதான். உன் நீலத் தட்டுக்குப் போகிற மாதிரி அதற்குப் பிறகு என்ன ஆகும்? புதுப் பெண் கேட்கச் சொன்னாள். கற்றுக்கொள்கிற வயசு.

நேரத்துக்குச் சாப்பிடு. படித்துக்கொண்டே சாப்பிடாதே.

அக்கா


பிப்ரவரி 18

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அங்கும் நலமென்றே நம்புகிறேன். வெள்ளையடித்து முடிந்ததா? இரண்டே அறை வீட்டுக்கு எத்தனை நாள் வெள்ளையடிப்பீர்கள்? வாண்டுவுக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறதே.

உனக்கு ஒரு கூத்து சொல்ல வேண்டும். படிவங்கள் வரத் தொடங்கின. முப்பத்திரண்டு வந்ததும் ஒன்றாக அடுக்கினேன். எல்லாவற்றிலும் ‘மிகவும் திருப்தி’. முதல் பத்து நிமிடம் எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். பிறகு பார்த்தால் உன்னுடையதைத் தவிர முப்பத்தொன்றும் ஒரே நீலப் பேனா, ஒரே மாதிரி சாய்ந்த டிக். அதில் ஒன்று, கூரை இறங்கி எட்டு மாதமாகப் பூட்டிக் கிடக்கிற ஆய்வகம். அதுவும் எங்கள் சேவையில் மிகவும் திருப்தியாக இருக்கிறதாம். பெட்டி வண்டி ஓட்டுகிற அண்ணனைப் பிடித்தேன்.

“என்னண்ணே இது, எல்லாம் ஒரே கையெழுத்து?”

“நான்தாம்மா போட்டேன். எல்லா லேப்லயும், ‘நீதான் அங்க போற வர்ற ஆளு, நல்லபடியா போட்டுக் குடுத்துரு’ன்னாங்க. நல்லபடியாத்தான் போட்டிருக்கேன்.”

“பூட்டிக் கிடக்கற லேபுக்குமா?”

“அவங்கள மட்டும் விட்டா நல்லாவா இருக்கும்?”

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. புதிதாக ஆரம்பிக்கிறேன். ஒட்டின உறை, ஆய்வகத்தின் பெயர் எழுத வேண்டாம், தபாலில் நேராக எனக்கு.

புதுப் பெண்ணுக்குப் பதில்: நீலத் தட்டுக்கு ஒரு மாதிரி போனால் அன்றைக்கே எங்கள் எழுத்தர் அனுப்பிய ஆய்வகத்துக்குக் கடிதம் போடுவார். விடுபட்டதை நீங்கள் எழுதி அனுப்பினால் சோதனை தொடரும். கடிதம் எதுவும் வரவில்லை என்றால் படிவம் சரியாக இருக்கிறது, மாதிரி வரிசையில் இருக்கிறது என்று அர்த்தம். கவலையே வேண்டாம் என்று சொல்.

நீ மட்டும் ஒன்பதாவது கேள்வியை நிரப்பி அனுப்பு. காலிக் கட்டம் உனக்கும் செல்லாது.

உன் தங்கை


மார்ச் 2

சுண்டெலிக்கு,

சுகம். ஓட்டுநரை எனக்குத் தெரியும். போன மாதம் புதுப் பெண் அழுதுகொண்டிருந்தபோது பெட்டியை இறக்காமல் கால் மணி நேரம் அவளுக்கு ஆறுதல் சொன்னாராம். அவர் போட்ட மார்க்கை அப்படியே வைத்துக்கொண்டிருக்கலாம், உனக்கும் வேலை மிச்சம்.

பதில் தெளிவாக இருந்தது. கடிதம் வரவில்லை, ஆகவே வரிசையில் இருக்கிறது. சரி.

இங்கே ஒரு நோயாளி இருக்கிறாள். காசநோய். நவம்பரிலிருந்து மாத்திரை சாப்பிடுகிறாள், சளியில் கிருமி குறையவே இல்லை. எந்த மருந்துக்கு அது அடங்கவில்லை என்று உங்களிடம்தான் சோதிக்க முடியும். ஜனவரியில் அனுப்பியது. டாக்டர், “முடிவு வரட்டும், அதுவரைக்கும் இதையே போடுங்க” என்கிறார். பதினைந்து நாள் என்று உங்கள் சுவரில் எழுதியிருக்கிறது, இல்லையா? அவள் என்னை ஒன்றும் கேட்பதில்லை. கேட்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறாள், அதுதான் கஷ்டம்.

அவள் மாதிரியின் எண்ணைத் தரமாட்டேன். தந்தால் நீ வரிசையைத் தாண்டி எடுப்பாய். அவளுக்கு முன்னால் நிற்பவர்களுக்கும் வீடு இருக்கிறது.

வாண்டு இன்னும் அத்தை வீட்டில்தான். இரண்டு பல் விழுந்துவிட்டதாம். நான் பார்க்கவில்லை.

கை வலிக்கிறது, இத்தோடு நிறுத்துகிறேன்.

அக்கா


மார்ச் 17

அன்புள்ள அக்காவுக்கு,

எப்படி இருக்கிறாய்? உன் போன கடிதத்தில் எழுத்து வரியை விட்டுக் கீழே இறங்கியிருந்தது. நீ கோடு போடாத தாளில்கூட நேராக எழுதுகிறவள். அம்மாவிடம் காட்டினேன். மடித்துக் கொடுத்துவிட்டாள்.

இரண்டாவது தடவை அனுப்பிய படிவங்களில் முப்பத்தெட்டு திரும்பி வந்துவிட்டன. பெயரை எழுத வேண்டாம் என்றதும் எல்லோருக்கும் வாய் வந்துவிட்டது. ‘உங்கள் போனில் காத்திருக்கும்போது வரும் இசை எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். ஒருவர் பாடவே செய்கிறார்.’ ‘முடிவு வரும்போது நாங்கள் நோயாளியைத் தேட வேண்டியிருக்கிறது.’ ‘உங்களுக்கு அனுப்புவது நோயாளியின் மனசமாதானத்துக்காக. நாங்கள் காத்திருப்பதை நிறுத்திவிட்டோம்.’ நான் நல்ல பேர் வாங்கிய இடத்தின் மறுபக்கம் இப்படி இருந்திருக்கிறது. ஒவ்வொரு உறையையும் பிரிக்கும்போது யாரோ அறைவதற்குக் கையை ஓங்குவது போலிருந்தது.

ஒரே ஒரு படிவம் என்னைத் தூங்கவிடவில்லை. பென்சிலில் எழுதியிருந்தார்கள்: ‘நாங்கள் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டு அனுப்பிவிட்டோம். மூன்று முறை போன் செய்தோம். மாதிரி எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. எங்களுக்கு எந்தக் கடிதமும் வரவில்லை.’

எழுத்தர் டிசம்பர் கடைசியில் மாற்றலாகிப் போனார்; புதுப் பெண்ணுக்குப் பதில் எழுதியபோது அது எனக்கு உறைக்கவே இல்லை. அவர் வேலையை யார் பார்க்கிறார்கள் என்று விசாரித்தேன். ஆளுக்கு ஒருவரைக் கை காட்டுகிறார்கள். வாரக் கடைசியில் குளிர்பெட்டிச் சாவி என்னிடம் வரும், நானே பார்க்கப் போகிறேன்.

அந்தப் பெண்ணின் எண்ணைக் கொடு, அக்கா. வரிசையைத் தாண்டமாட்டேன், வரிசையில் இருக்கிறாளா என்று மட்டும் பார்க்கிறேன்.

உன் தங்கை


மார்ச் 24

அக்கா,

இந்த வாரப் பெட்டியில் உன் பதில் இல்லை. புதுப் பெண் எழுதிய படிவங்கள் மட்டும் இருந்தன.

சாவி இன்றைக்குத்தான் கிடைத்தது. நீலத் தட்டு என்று நான் சொன்னது இப்போது மூன்று தட்டு. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருக்கிறார்கள், ஒழுங்காக, லேபிள் வெளியே தெரியும்படி. அறுபத்து மூன்று மாதிரிகள். கடிதப் பதிவேட்டின் கடைசிப் பக்கம் டிசம்பர் 29. அதற்குப் பிறகு ஒரு வரி இல்லை. யாரும் எந்தத் தவறும் செய்யவில்லை. வரவேற்பில் இருப்பவர்கள் என் விதிப்படி தட்டில் வைத்தார்கள். கடிதம் போடுவது அவர்கள் வேலை அல்ல. சோதிப்பவர்களுக்குத் தட்டைத் தொட அனுமதி இல்லை. அதையும் விதியில் நான்தான் எழுதியிருந்தேன்.

தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு படிவமாகப் படித்தேன். மாதிரி எடுத்த நேரம் இல்லை, வார்டு எண் இல்லை, ஒன்றில் தேதி மட்டும் மங்கியிருக்கிறது. நாற்பதாவதோ நாற்பத்தொன்றாவதோ உங்கள் ஆய்வகத்துடையது. அனுப்பிய நாள் ஜனவரி 12. பெண். வயது முப்பத்து நான்கு. சிகிச்சை தொடங்கி இரண்டு மாதம். தொழில்: முதுநிலை ஆய்வக நுட்பர். பெயர் என்கிற கட்டம் காலி.

பச்சை மசி.

உங்கள் ஆய்வகத்தில் அந்தப் பதவி ஒன்றுதான் இருக்கிறது.

எழுபத்தொரு நாள். கடிதம் வரவில்லை என்றால் வரிசையில் இருக்கிறது என்று அர்த்தம், கவலையே வேண்டாம். அதை எழுதியது இந்தக் கை.

இந்த மாதிரி இனி எதற்கும் உதவாது. புதியது வேண்டும். நாளை மறுநாள் காலைப் பெட்டி வண்டியில் ஓட்டுநர் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து நானே வருகிறேன். இந்தக் கடிதத்தையும் நானே கொண்டுவருகிறேன். உன் முகத்தைப் பார்த்தால் எனக்குப் பேச வராது.


மார்ச் 26

சுண்டெலிக்கு,

நீ ஜன்னலுக்கு வெளியே கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்து மாதிரிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டிருக்கிறாய். நான் உள்ளே கட்டிலில் இருந்து எழுதுகிறேன். நமக்கு நடுவே நாலடிதான். பேசினால் இருமல் வருகிறது, அதனால் கடிதம். என்ன பிழைப்பு பார்.

வெள்ளையடிக்கவில்லை என்று சுவரைப் பார்த்ததும் உனக்குத் தெரிந்திருக்கும். போனும் நன்றாகத்தான் இருக்கிறது. எடுத்தால் ஒரே நிமிடத்தில் அம்மா கண்டுபிடித்துவிடுவாள். அப்பா இருமியதைப் பதினொரு மாதம் கேட்டவள். அவளுக்கு இன்னொரு தடவை வேண்டாம் என்று நினைத்தேன்.

பெயரை ஏன் எழுதவில்லை என்று மூன்று முறை கேட்டுவிட்டாய். ஜனவரியில் பேனாவை எடுத்து வயது, தொழில் எல்லாம் எழுதிவிட்டேன். பெயரில் கை நின்றுவிட்டது. அந்தப் படிவம் உன் மேசைக்கு வரும். காலை பத்து மணிக்கு யாரோ ஒரு நோயாளியின் தாள் என்று எடுப்பாய், அதில் என் பெயர் இருக்கும். அப்படி உனக்குத் தெரியவேண்டாம் என்றுதான் விட்டேன். எண் இருந்தால் போதும் என்றுதானே பழைய வழக்கம்? உன் விதி அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்து உன்னிடம் கேட்டபோது, கடிதம் வராவிட்டால் சரி என்றாய். உன் வார்த்தையை நம்பினேன். புதுப் பெண்ணுக்கு முதல் நாளே, “கட்டத்தக் காலியா விடாதம்மா” என்று சொல்லிக் கொடுத்தவள் நான்.

‘மிகவும் திருப்தி’ போட்டதற்குக் காரணம் வேண்டாமே. அடியில் உன் கையெழுத்து இருந்தது.

இந்தத் தடவை படிவத்தில் எல்லாக் கட்டமும் நிரப்பியிருக்கிறேன். பெட்டியைச் சாய்க்காமல் கொண்டு போ. ஓட்டுநரை மெதுவாக ஓட்டச் சொல். அழுதுகொண்டே பேசாதே, அந்த மனிதர் வண்டியை நிறுத்திவிடுவார்.

அக்கா


மார்ச் 31

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று டாக்டரிடம் போனில் சொன்னதை உனக்கு எழுத்தில் தருகிறேன். நீ எழுத்தில் இல்லாததை நம்பமாட்டாய். நான்கு மருந்துகளில் இரண்டுக்கு உன் கிருமி அடங்காது. இந்த விவரம் ஜனவரி முடியும் முன்பே உன் கைக்கு வந்திருக்க வேண்டும். நீ அதுவரை விழுங்கியதில் பாதி வீண். மாதிரி எடுத்துக்கொண்டு வந்த நாளிலிருந்து நான்கே நாளில் முடிவு. வரிசையைத் தாண்டவில்லை. மற்ற ஆய்வகங்களிடம் புது மாதிரி கேட்டு அறுபத்திரண்டு கடிதம் எழுதி முடித்துவிட்டுத்தான் உன்னுடையதை இயந்திரத்தில் வைக்கச் சொன்னேன். கடிதங்களுக்கே ஒரு பகல் முழுக்க ஆனது. அந்தப் பகலை நான் மறக்கமாட்டேன்.

அம்மாவிடம் சொன்னேன். அடுப்பைத் தணித்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

“எனக்கு டிசம்பர்லயே தெரியும்டி. கடைசியா போன்ல பேசினப்ப ஒரு தடவ இருமினா.”

“ஏம்மா எங்கிட்ட சொல்லல?”

“நீ அந்த லேப்லதான இருக்க? உனக்குத் தெரியாம இருக்குமான்னு இருந்துட்டேன். பெரியவ பாத்துக்கறா, சின்னவ பாத்துக்கறா, நடுவுல நான் கேட்டா உங்க ரெண்டு பேருக்கும் பாரம்னு இருந்துட்டேன்.”

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறோம்.

பெரிய மேடம் அறைக்குப் போனேன். இரண்டு தொகுப்பையும் மேசைமேல் வைத்தேன்.

“எதைக் கமிட்டிக்குக் குடுக்கப்போற?”

“ரெண்டையும், மேடம். தட்டு விஷயத்தையும்.”

“அந்த ரூல் உன் பேர்ல இருக்கு. தெரியுமில்ல?”

“தெரியும், மேடம்.”

மூக்குக் கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைத்தார். “கீழ என் கையெழுத்தும் இருக்கு. அந்தப் பக்கத்தையும் சேத்து வை,” என்றார்.

புது மருந்து தொடங்கியாயிற்றா? எப்படி இருக்கிறது என்று ஒரே ஒரு வரி எழுது.

உன் தங்கை


ஏப்ரல் 27

சின்னவளுக்கு அத்தான் எழுதுவது.

அம்மாவுக்கு என் வணக்கம். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கம் இல்லை. பிழை இருந்தால் மன்னித்துக்கொள்.

உன் நான்கு கடிதமும் வந்தது. அவளால் பதில் எழுத முடியவில்லை. புது மருந்து ஆரம்பித்து ஒன்பதாம் நாள் குளியலறையில் மயங்கி விழுந்துவிட்டாள். நெஞ்சு நோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பதினொரு நாள் ஆகிறது. முதல் மூன்று நாள் என்னை யாரென்று கேட்டாள். இப்போது தெளிந்திருக்கிறாள். காதில் எப்போதும் ரீங்காரம் கேட்கிறது என்கிறாள். முப்பத்தெட்டு கிலோ. சொல்லக்கூடாது என்றாள். நான் சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருந்து இருந்துதான் இந்த நிலைமை.

நான் உன்மேல் கோபமாக இருந்தேன். அன்று நீ வாளிமேல் உட்கார்ந்திருந்தபோது உனக்கு ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. அது என் மனதில் இருக்கிறது.

அவள் சொல்லச் சொன்னது இது: “மன்னிப்புக் கேட்டு எழுதினா இனிமே பிரிக்க மாட்டேன். வேற ஏதாவது இருந்தா எழுதச் சொல்லுங்க.”

அத்தான்


மே 12

அன்புள்ள அக்காவுக்கு,

மன்னிப்புக் கேட்கவில்லை. பிரித்துப் படி.

அம்மா இந்தக் கடிதத்தோடு வருகிறாள். முழங்காலைப் பற்றிக் கேட்டேன், “எந்த முழங்கால்?” என்கிறாள். அவளைத் தடுக்க என்னால் ஆகாது. ஆஸ்பத்திரியில் முகமூடியைக் கழற்றாமல் பார்த்துக்கொள்.

அங்கீகாரம் ஆறு மாதத்துக்கு நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது. மேடம் வேலையில் இருக்கிறார். நானும் இருக்கிறேன், ஆனால் கேட்டு வாங்கிக்கொண்டு வரவேற்பு மேசைக்கு வந்துவிட்டேன். காலையில் வந்ததும் முதல் வேலையாக நீலத் தட்டைத் திறந்து, அதில் இருக்கிற ஒவ்வொன்றுக்கும் அந்தந்த ஆய்வகத்துக்குப் போன் செய்கிறேன். பதில் கிடைக்கும்வரை நாற்காலியில் உட்காருவதில்லை. மதியத்துக்குள் தட்டு காலி. அந்த இசையையும் எடுக்கச் சொல்லிவிட்டேன்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். அம்மாவிடம் சொல்ல முடியாது. நான் எழுதிய அறுபத்திரண்டு கடிதங்களுக்கும் பதில் வந்துவிட்டது. ஐம்பத்து மூன்றுக்குப் புது மாதிரி வந்தது. ஒன்பதுக்கு வரவில்லை. சொல்லிவைத்தாற்போல ஒன்பதிலும் ஒரே வாக்கியம்: ‘முடிவு இனித் தேவையில்லை.’

ஏன் தேவையில்லை என்று கேட்டுப் போன் செய்தேன். ஒரு நோயாளி குணமாகியிருந்தார். ஒருவர் முகவரி மாறிப் போயிருந்தார். மற்ற ஏழு பேரைப் பற்றிச் சொல்ல எதிர்முனையில் இருந்தவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். ஒரு பெண், ஏதோ தன் தப்பு போல, “ஸாரி மேடம்” என்றாள். என்னிடம் ஸாரி சொல்கிறாள், அக்கா.

எத்தனையோ புத்தகங்களில் எத்தனையோ சாவுகளைப் படித்திருக்கிறேன். ஒரு காலிக் கட்டத்தால் சாக முடியும் என்று எங்கும் படித்ததில்லை.

உன் தங்கை


ஜூலை 6

சுண்டெலிக்கு,

அம்மா, அத்தான், வாண்டு, நான் எல்லோரும் வீட்டில் நலம். வீட்டில் என்பதை இரண்டு தடவை படி. வாண்டுவுக்கு முன்பல் இரண்டும் முளைத்துவிட்டன, முறம் முறமாக. வந்ததும் என்னைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “இது பழைய அம்மாவா, சின்ன அம்மாவா?” என்று கேட்டாள். ஜூன் மாதச் சளியில் கிருமி இல்லை. போன வாரமும் இல்லை. மருந்து இன்னும் ஒரு வருடம். வலது காது பாதிதான் கேட்கும், அது திரும்பாதாம். அம்மா வந்ததிலிருந்து அந்தக் காது மேலே இருக்கும்படி படுத்துக்கொள்கிறேன், புலம்பல் பாதியாகக் கேட்கிறது.

உன் மே மாதக் கடிதத்துக்கு உடனே பதில் எழுதவில்லை. எழுதியிருந்தால் ஆறுதலாக எழுதியிருப்பேன். அந்த ஏழு பேருக்காக உனக்கு ஆறுதல் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஒரு தட்டில் அவர்களுக்கு நடுவில் இருந்தவள் நான். என்னைக் கண்டுபிடித்ததற்குக் காரணம் பச்சை மசி. அவர்களுடையது நீலமோ கறுப்போ, அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொன்று. எனக்கு உன்மேல் கோபம் இருக்கிறது. அன்றைக்கு ஜன்னலில் உன் முகத்தைப் பார்த்து அதை விழுங்கிவிட்டேன். பிறகு சொல்லத் தெம்பு இல்லை. இப்போது இருக்கிறது.

இத்தோடு உன் திருப்திப் படிவத்தை வைத்திருக்கிறேன். புதுப் பெண்ணிடம் காலிப் படிவம் கேட்டு வாங்கினேன். ஒன்று முதல் எட்டு வரை நீயே பார்த்துக்கொள். ஒன்பதாவது கேள்வி: முடிவு வர எத்தனை நாள் ஆனது? எழுபத்தேழு நாள். பத்து: இந்தக் கால அளவில் உங்களுக்குத் திருப்தியா? கொஞ்சமும் இல்லை. பன்னிரண்டு: வேறு ஏதேனும் சொல்ல விரும்பினால். அதற்கு நீ விட்டிருக்கிற இடம் இரண்டு வரி. போதாது. அடுத்த தடவை ஒரு பக்கம் விடு.

பெயர் எழுத வேண்டாம் என்று போட்டிருந்தாய். எழுதியிருக்கிறேன். முழுப் பெயர், அப்பா பெயர், பதவி, பெரிய எழுத்தில், பச்சை மசியில். ஒரு கட்டமும் காலி இல்லை. உன் மேடத்திடம் கொடு, குழுவிடம் கொடு, சுவரில் பதினைந்து நாள் என்று எழுதியிருக்கிறதே, அதன் பக்கத்தில் ஒட்டினாலும் சரி.

ஞாயிற்றுக்கிழமை காலை கூப்பிடு. திட்ட வேண்டியது நிறைய இருக்கிறது, கடிதத்தில் அடங்காது. போனைக் கட்டில்மேலேயே வைத்திருக்கிறேன். ரெண்டாவது மணியில் எடுத்துவிடுவேன்.

அக்கா